மீன்தொட்டிக்கு மூடி

மீன்தொட்டி வாங்கப் புறப்படுகிறவர்கள் தொட்டியின் நீள அகலத்தைப் பற்றியும், வடிகட்டியின் வலிமையைப் பற்றியும், விளக்கின் நிறத்தைப் பற்றியும் கடைக்காரரோடு நெடுநேரம் வாதிப்பார்களேயன்றி, அந்தத் தொட்டியின் வாயை எதனால் மூடுவது என்ற விஷயத்தைப் பெரும்பாலும் வீட்டில் ஒரு மீன் துள்ளித் தரையில் விழுந்து உலர்ந்து கிடப்பதைக் கண்ட பிறகே யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது கையில் அகப்படுவது எதுவோ அதுவே மூடியாகிவிடுகிறது; ஒரு வீட்டில் அது பழைய நாட்காட்டி அட்டை, மற்றொரு வீட்டில் தெர்மோகோல் பலகை, வேறொரு வீட்டில் சமையலறையிலிருந்து வந்த தட்டு. இவற்றுள் எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதும், நல்ல மூடியொன்றை வீட்டிலேயே செய்துகொள்வது அப்படியொன்றும் பிரம்ம வித்தையன்று என்பதும் இக்கட்டுரையில் விளங்கும்.

வீட்டில் செய்துகொள்ள வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று முதலில் கேட்கலாம். மேனாடுகளில் தொட்டிகள் தொழிற்சாலைகளில் குறிப்பிட்ட சில அளவுகளில் வார்த்தெடுத்தாற்போல் செய்யப்படுவதால், அந்த அளவுகளுக்கேற்ற மூடிகளும் கூடவே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. நம்மிடத்திலோ, சென்னைக் கொளத்தூரைப் போன்ற வண்ணமீன் வியாபாரத் தலங்களில், கண்ணாடியை வெட்டி சிலிக்கான் பசையால் ஒட்டி, வாங்குவோரின் அலமாரிக்கும் சுவர்மாடத்துக்கும் தக்கபடி எந்த அளவிலும் தொட்டி செய்து கொடுக்கிறார்கள். இந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் விலை, கடையில் தயாராகத் தொங்கும் பிளாஸ்டிக் மூடி எதுவும் நம் தொட்டிக்குச் சரியாகப் பொருந்தாது என்பதே. இரண்டடித் தொட்டி என்று சொல்லி வாங்கியது உண்மையில் இருபத்துமூன்றரை அங்குலமாயிருக்கும். மூலைகள் முற்றும் செங்கோணமாயிரா. ஆகவே மூடி என்பது அந்தந்தத் தொட்டிக்கென்று அளந்து செய்ய வேண்டிய பொருளாகவே இங்கு இருந்துவருகிறது.

இந்தக் கலையின் தொடக்கத்திலும் மூடி வீட்டில் செய்ததாகவே இருந்தது என்பது சுவையான செய்தி. லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் ரசாயன அறிஞராயிருந்த ராபர்ட் வாரிங்டன், தாவரமும் பிராணியும் ஒன்றையொன்று தாங்கி ஒரே நீரில் வாழுமா என்று ஆராய்ந்து 1850-இல் அதன் பலனை வெளியிட்டார். ஏறத்தாழ பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் பாதியளவு ஊற்றுநீர் ஊற்றி, மணலும் சேறும் கற்களும் இட்டு, வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். பின்னர் அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகளையும் சேர்த்தார். அந்தப் பாத்திரத்தின் வாய்க்கு அவர் செய்த மூடி, செப்புக் கம்பியொன்றை வட்டமாக வளைத்து, அதன்மேல் மெல்லிய மஸ்லின் துணியை இழுத்துக் கட்டியது. லண்டன் காற்றிலிருந்த கரித்தூள் உள்ளே விழாமலும், காற்றின் போக்குவரவு தடைப்படாமலும் இருக்கவே அவ்வாறு செய்தார். நிறைவான நீர்வாழ் சமூகம் ஒன்றை வைத்த முதல் தொட்டிகளில் ஒன்றுக்கு அமைந்தது சட்டத்தில் கட்டிய வலைமூடியே என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அடுத்த நூறாண்டுகளில் அந்த யோசனை ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கண்ணாடிப் பலகையே மூடிகளுள் தலைமை பெற்றது.

அதற்கும் நியாயமான காரணம் இருந்தது. வெப்பநாட்டு மீன்களைக் குளிர்நாட்டு வீடுகளில் வளர்க்கத் தொடங்கியபோது, தொட்டியின் உஷ்ணம் மேற்பரப்பின் வழியாக ஓடிப்போகாமல் காப்பதே மூடியின் முதற்கடமையாயிற்று. பிலடெல்பியாவில் 1935-இல் வெளிவந்து பல பதிப்புக் கண்ட வில்லியம் இன்னஸின் நூலைப் போன்றவை பனி பெய்யும் ஊர்களில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. அவற்றையும் அவற்றின் வழிவந்த நூல்களையும் படித்தே நம்மவர் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டனர், கற்றதில் தவறில்லை. ஆனால், நீரைச் சூடாக வைப்பதற்கென்று கூறப்பட்ட ஆலோசனையை, மே மாதத்தில் தொட்டி நீர் 32 பாகையைத் தாண்டும் சென்னையிலும் மதுரையிலும் அப்படியே பின்பற்றுவது, கம்பளிச் சட்டையை உபகாரமென்று எண்ணிக் கோடையில் போர்த்துவதற்கு ஒப்பாகும். மூடியைப் பற்றிய நம் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மூடியின் தொழில்களுள் எந்தச் சீதோஷ்ணத்திலும் மாறாதது மீனைத் தொட்டிக்குள் நிறுத்துவது. மீன் துள்ளுவதற்குக் காரணங்கள் பல. இருட்டறையில் திடீரென விளக்கைப் போட்டால் மிரண்டு துள்ளும். வலுத்த மீன் துரத்தினால் துள்ளும். நீர் கெட்டுப்போனால் துள்ளும். புதிய தொட்டிக்கு வந்த முதல் சில இரவுகளில் காரணமின்றியே துள்ளும் என்று தோன்றும். இவற்றைத் தவிர, துள்ளுவதையே பிழைப்பாகக் கொண்ட மீன்களும் உண்டு. அமேசான் காட்டு வெள்ளங்களில் வாழும் வெள்ளி அரவானா, நீருக்கு மேலே தாழ்ந்து தொங்கும் கிளைகளிலுள்ள பூச்சிகளை எம்பிக் கவ்வி உண்பது. அதன் கண்ணும் வாயும் மேல்நோக்கி அமைந்திருப்பதே இதற்கு அடையாளம். அந்த மீனை வாஸ்துவுக்காக வாங்கிவந்து வரவேற்பறையில் வைப்போர், அதன் தொட்டிமேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பரப்பிவிட்டு நிம்மதியாக உறங்குவது வியப்புக்குரியது. மார்புத் தசை பெருத்த தென்னமெரிக்க ஹாட்செட் மீன்களும், கில்லி மீன்களும், ‘ஃபைட்டர்’ என்று நம் கடைகளில் வழங்கும் பெட்டாக்களும் இவ்வகையில் பெயர் பெற்றவையே.

நம் நாட்டு மீன்கள் இவற்றுக்குச் சளைத்தவையல்ல. டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையில் தரங்கம்பாடியிலிருந்த டால்டார்ஃப் என்னும் அதிகாரி, 1791-இல் குளக்கரைப் பனைமரமொன்றின் பட்டைப் பிளவில், நீருக்கு ஐந்தடி உயரத்தில், பனையேறிக் கெண்டையைக் கண்டு பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாகியது. மீன் தானே ஏறியதா, அன்றிக் காக்கையோ பருந்தோ கொண்டுவந்து போட்டதா என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். பறவைகளின் செயலாகவே இருக்கும் என்று கருதியவர்களும் உண்டு. மரமேறுவது எப்படியாயினும், செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நடந்துபோவது அந்த மீனுக்கு இயல்பு என்பதில் சந்தேகமில்லை. விராலும் இவ்வாறே வலிய தாண்டும் தன்மையது. ஆரலும் விலாங்கும் துள்ளுவதில்லை. குழாய்க்கென்று மூலையில் விட்ட சிறு துளையைத் தேடிக் கண்டுபிடித்து, இரவில் அதன் வழியே மெல்ல வழுக்கி வெளியேறிவிடும். ஆகையால் துள்ளும் மீனுக்கு மூடியின் கனமும், நெளியும் மீனுக்கு மூடியின் இடுக்கும் முக்கியமாகின்றன. தங்கமீனுக்கும் அடித்தரையில் மேயும் கோரிடோராஸ் போன்றவற்றுக்கும் இந்தக் கவலை அவ்வளவு இல்லை; ஆயினும் வீட்டில் பூனை இருந்தால் அவற்றுக்கும் மூடி வேண்டியதுதான்.

மூடியிட்டால் மீனுக்கு மூச்சு முட்டாதா என்ற கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். இந்த அச்சம் பெரும்பாலும் அனாவசியமானது. கணக்குப் பார்த்தால் இது விளங்கும். 30 பாகை உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நன்னீர் தன்னுள் கரைத்துக்கொள்ளக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம், அதே உஷ்ணத்தில் ஒரு லிட்டர் காற்றிலோ ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது. மூன்றடி நீளமும் ஓரடி அகலமுமுள்ள தொட்டியில் நீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டங்குல இடைவெளி விட்டால் அங்கே ஏறத்தாழ 14 லிட்டர் காற்று நிற்கும். அதில் மட்டும் 500 லிட்டர் நீர் கொள்ளத்தக்க பிராணவாயு உண்டு. நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் காற்றுத் தள்ளும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று ஓடினால், அந்த இடைவெளியின் முழு அளவுக்குச் சமமான புதுக்காற்று ஏழு நிமிஷத்தில் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த காற்று வெளியேறுவதற்கு ஒரு பிளவு இருந்தால் போதும். ஆகவே காற்றோட்டத்துக்காகப் பெரிய ஜன்னல்கள் விட வேண்டியதில்லை.

ஆனால், இடைவெளியே இல்லாதபடி நீரை விளிம்புவரை நிரப்பி அதன்மேல் கண்ணாடியைப் படிய வைப்பது வேறு விஷயம். விரால், பனையேறிக் கெண்டை, கௌராமி, பெட்டா ஆகியவை நீரின்மேல் வாயை நீட்டிக் காற்றை விழுங்கி வாழ்பவை. அவற்றுள் சிலவற்றை மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துபோகும். இத்தகைய மீன்களுக்கு நீர்மட்டத்துக்கு மேல் இரண்டங்குலமாவது வெற்றிடம் வேண்டும். பெட்டாவின் குஞ்சுகள் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு வளர்ந்துவரும் முதல் சில வாரங்களில் அந்த வெற்றிடத்துக் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பது நல்லது என்பதால், குஞ்சு பொரிக்க வைப்போர் அக்காலத்தில் மட்டும் தொட்டியை நெருக்கமாக மூடிவைக்கிறார்கள். அது குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கான குறிப்பிட்ட ஏற்பாடு.

இனி உஷ்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்; என் கருத்தில் இந்த ஆராய்ச்சியின் மையம் இதுவே. நீர் ஆவியாகும்போது தன்னுடன் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 30 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ காலரி வெப்பம் வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் வராதென்று வைத்துக்கொண்டால், 100 லிட்டர்த் தொட்டியை அது ஆறு பாகை அளவுக்குக் குளிர்விக்கப் போதுமானது. சுற்றியுள்ள அறையிலிருந்து வெப்பம் இடைவிடாது வந்து சேர்வதால் அவ்வளவும் நமக்குக் கிட்டுவதில்லை என்றாலும், மேற்பரப்பைத் திறந்துவைத்து மின்விசிறியின் காற்றை அதன்மேல் வீசச்செய்தால் இரண்டு மூன்று பாகை குறைவதைப் பலரும் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறார்கள். மண்பானையில் நீர் குளிர்வதும் இந்த விதியினால்தான். கண்ணாடி மூடியை இறுக வைத்தால், உள்ளேயுள்ள காற்று சிறிது நேரத்தில் ஈரம் நிறைந்துவிட, ஆவியாதல் நின்றுவிடுகிறது. அத்தோடு இயற்கை நமக்கு இலவசமாக அளித்த குளிர்விக்கும் சாதனமும் நின்றுவிடுகிறது. அதன்மேல் விளக்கின் வெப்பமும் சேர்ந்தால் நடுப்பகலில் தொட்டி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயுவும் குறைகிறது. 20 பாகையில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கொள்ளும் நீர், 30 பாகையில் 7.5 மட்டுமே கொள்ளும். மூடியினால் மூச்சு முட்டுகிறது என்று நம்மவர் கண்டு சொல்வதில் உண்மை உண்டென்றால், அது இந்த வழியாக வந்ததே.

உள்நாட்டில் காற்று வறண்டிருக்கும் வேலூரிலும் திருச்சியிலும் இந்தக் குளிர்ச்சி மிகுதி. கடற்காற்றின் ஈரம் மிகுந்த சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் குறைவு. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் நிலைமை தலைகீழ். அங்கே வெப்பநாட்டு மீன்களுக்கு மின்சார வெப்பக்கோல் வேண்டும்; ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் நீரும் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைந்த மின்சாரத்தை விழுங்கிவிடும். ஆதலால் மலையூர்களில் கண்ணாடி மூடி சிக்கனமானது. சமவெளியில் வலைமூடி ஏற்றது. மழைக்கால இரவுகளில் சமவெளியிலும் சற்றுக் குளிர் தட்டும்போது வலையின்மேல் ஒரு கண்ணாடித் துண்டைப் பாதியளவு மூடிவைத்தால் போதும்.

கடல்நீர்த் தொட்டியில் ஒரு விசேஷ நியாயம் உண்டு. ஆவியாவது நன்னீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் நீரில் ஐந்து லிட்டர் ஆவியானால், மிஞ்சிய நீரில் உப்பு லிட்டருக்கு 36.8 கிராமுக்கு ஏறிவிடும். ஆதலால் திறந்த மூடியை வைப்போர் நாள்தோறும் நன்னீர் ஊற்றி மட்டத்தை நிறுத்த வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சிக் கண்ணாடி போடுவோர், உள்ளே கரியமிலவாயு தேங்கி நீரின் காரத்தன்மை குறைவதைக் காண்பர். பவளம் வளர்ப்போர் உலகெங்கும் இன்று வலைமூடிக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய ராஸ், ஃபயர்ஃபிஷ் போன்ற மீன்கள் துள்ளுவதில் பேர்போனவை என்பதும் ஒரு காரணம்.

பொருள்களைப் பற்றி விசாரிக்கையில் கண்ணாடிக்கு முதலிடம் கொடுப்பதே மரியாதை. அது வளையாது, நிறம் மாறாது, வெந்நீரும் வினிகரும் கொண்டு தேய்த்தால் நீரின் சுண்ணாம்புப் படிவும் போய்விடும். எந்த ஊரிலும் கிடைக்கும். விளக்கொளியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அது தடுப்பதில்லை. சுண்ணாம்பும் பாசியும் படிய விட்டால் மட்டும் கணக்கு மாறிவிடும். அதன் குறை கனமும் உடைதலுமே. மூன்றடிக்கு ஓரடியான 4 மில்லிமீட்டர்க் கண்ணாடி 2.8 கிலோ எடையிருக்கும். நான்கடிக்கு ஒன்றரை அடியான 5 மில்லிமீட்டர்க் கண்ணாடியோ ஏழு கிலோ. ஈரக் கையால் அதைத் தூக்கி இறக்குவதில் அபாயம் இருப்பதால், இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகச் செய்துகொள்வதே விவேகம். மூன்று மில்லிமீட்டர்க் கண்ணாடி மலிவென்று எடுப்பது வேண்டாம். உடைந்தால் தூள்தூளாகி ஆபத்து விளைக்காத பதப்படுத்திய கண்ணாடி வேண்டுவோர், மூலை வெட்டும் துளையும் எல்லாம் பதப்படுத்துமுன்பே போட்டுவிட வேண்டும். பதமேறிய பின் அதை வெட்ட முடியாது.

அக்ரிலிக் தகடு எடையில் கண்ணாடியின் பாதிக்கும் குறைவு. வீட்டில் சாதாரணக் கருவிகளாலேயே வெட்டலாம், துளையிடலாம். ஒளியும் நன்றாக விடும். இத்தனை நற்குணங்களுக்கும் ஒரே துர்க்குணம் ஈடாகிவிடுகிறது. அது ஈரத்தை உறிஞ்சும். நீரை நோக்கிய அடிப்பக்கம் ஈரமேறிப் பருக்க, விளக்கை நோக்கிய மேற்பக்கம் உலர்ந்து நிற்க, தகடு நடுவில் தொய்ந்து மூலைகள் மேலே கிளம்பிவிடும். சில வாரங்களில் அந்த மூலைகளின் கீழே ஒரு பெட்டா தாராளமாக வெளியேறலாம். வாரந்தோறும் திருப்பிப் போடலாம் என்று சிலர் பரிகாரம் சொல்வர். வேலையை வாரந்தோறும் வைக்கும் மூடியை நான் மூடியென்று கொள்வதில்லை. பாலிகார்பனேட்டுக்கு இந்தக் குறை மிகக் குறைவு. கூரைக்குப் போடும் இரட்டைச் சுவர்த் தகடு இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. ஆனால் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்கும். வெட்டிய முனைகளை நாடாவால் அடைக்காவிட்டால் உட்குழாய்களில் நீராவி புகுந்து பாசி பிடித்து, பின்பு அதைத் துடைக்க எந்த உபாயமும் இல்லாமற்போகும். செடி வளர்க்காத தொட்டிக்கு அது தகும்.

மரமும் மரப்பலகையும் அழகுக்கு உரியவை. தேக்கானாலும் உட்புறம் நன்றாக மெருகெண்ணெயோ எபாக்ஸியோ பூசாவிட்டால் ஈரம் புகுந்து வீங்கும். இப்போது பி.வி.சி. ஃபோம் பலகை மரத்தின் இடத்தைப் பிடித்துவருவதில் வியப்பில்லை. தெர்மோகோலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது மூடியன்று.

வலைமூடிக்கு வருவோம். நம் ஊர்களில் கொசுவலை ஜன்னல் செய்கிறவர்கள் பயன்படுத்தும் அலுமினியச் சட்டமும், பிளாஸ்டிக் மூலைத்துண்டும், ரப்பர் பீடிங்கும் இதற்கு அப்படியே பொருந்துகின்றன. வலையை மட்டும் மாற்ற வேண்டும். கொசுவலையின் நெருக்கமான கண் ஒளியைப் பெரிதும் மறைக்கும். தெறிக்கும் நீரின் உப்பும் சுண்ணாம்பும் அதில் எளிதில் அடைத்துக்கொள்ளும். கால் அங்குலக் கண்ணுள்ள, நிறமற்ற நைலான் அல்லது பாலிஎத்திலீன் வலையே ஏற்றது. சிறு கில்லி மீன்களுக்கும் ஆரல் குட்டிகளுக்கும் அதைவிடச் சிறிய கண் வேண்டும். சட்டத்தின் மேல் வலையைப் பரப்பி, பீடிங்கை உருளையால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே வரும்போது, தம்புராத் தந்திபோல் இழுத்துக் கட்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். மிகையாக இழுத்தால் நீண்ட சட்டங்கள் உட்புறமாக வளைந்து, விளிம்போரம் இடுக்கு விழும். உணவிடுவதற்கு ஒரு மூலையில் உள்ளங்கையளவு வலையை வெட்டி, சிறு அக்ரிலிக் கதவு வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு சிறிய துண்டு வளைவதில்லை. அரவானாவுக்கு வலை போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதன் மோதலுக்கு, நீர்மட்டத்தைச் சில அங்குலம் தாழ்த்தி, கனத்த கண்ணாடியைப் பிடிப்பான்களால் பூட்டி, பின்பக்கத்தில் மட்டும் காற்றுக்கு இடம் விடுவதே தக்கது. பூனை உள்ள வீட்டிலும் வலையை நம்ப வேண்டாம்.

கண்ணாடி மூடி செய்வோர் அளவெடுப்பதில்தான் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். தொட்டியின் உள்ளளவை ஒரே இடத்தில் எடுக்காமல் இரு முனைகளிலும் நடுவிலும் எடுத்து, அவற்றுள் குறைந்ததை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு நூல் குறைத்துக் கண்ணாடிக் கடையில் கொடுக்க வேண்டும். விளிம்புகளைக் கடையிலேயே தேய்த்துத் தரச் சொல்வது நன்று. இல்லாவிட்டால் எண்ணெய்க் கல்லையோ நீர் உப்புத்தாளையோ நனைத்து நாமே மழுக்கிக்கொள்ளலாம். பின்பக்கம் இரண்டங்குல அகலத்தை வெறுமையாக விட்டு, அங்கே குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் தக்கபடி வெட்டிய பிளாஸ்டிக் பட்டையையோ வலைத்துண்டையோ பொருத்தினால், கண்ணாடியில் துளையிடும் செலவு மிஞ்சும். முன்துண்டைத் தூக்கித் திறக்க வேண்டுமானால் கீல் வாங்க வேண்டியதில்லை. இரு துண்டுகளையும் சமதளத்தில் ஒரு நூல் இடைவெளி விட்டு வைத்து, அடியில் நாடா ஒட்டி, இடைவெளியை சிலிக்கானால் நிரப்பி ஓரிரு நாள் அசையாமல் விட்டால், அந்தப் பசையே நெடுநாள் வளைந்து கொடுக்கும் கீலாகிவிடும். கைப்பிடிக்கு ஒரு கண்ணாடித் துண்டை அதே பசையால் ஒட்டலாம். பசை வாங்கும்போது குளியலறைக்கென்று பூஞ்சணக்கொல்லி கலந்து விற்பதைத் தவிர்க்க வேண்டும். அது மீனுக்கு விஷம். வினிகர் நெடியடிக்கும் சாதாரண வகை உலர்ந்தபின் தீங்கற்றது.

கீலுக்கும் திருகுக்கும் பித்தளையையும் செம்பையும் நாடுவது நம் பழக்கம். மூடியின் அடியில் திரளும் நீர்த்துளி ஏறக்குறைய வடித்த நீரைப் போன்றது. அது உலோகத்தைக் கரைத்துக்கொண்டு மீண்டும் தொட்டிக்குள் சொட்டும். செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் மிகச் சிறு அளவிலேயே நஞ்சு. துத்தநாகம் பூசிய கம்பிவலையும் மீனுக்கு நல்லதன்று. வாரிங்டனின் செப்பு வளையத்தில் நத்தைகள் தப்பியது, பாத்திரத்தில் பாதி மட்டுமே நீரிருந்ததாலும், மஸ்லின் வழியே ஆவி தங்காமல் வெளியேறியதாலும் இருக்கலாம்.

விளக்கை மூடிக்கு மேலே வைக்க வேண்டும், கீழே அன்று. தகர மூடிக்குள் மஞ்சள் பல்பைப் பொருத்திய காலத்தில் துருவும், தெறித்த நீரால் வெடித்த பல்புகளும், மின்னதிர்ச்சியும் அன்றாடச் செய்திகள், இன்றைய எல்.இ.டி. விளக்கு வெப்பம் குறைந்ததாயினும் மின்சாரத்தின் குணம் மாறிவிடவில்லை. தொட்டிக்கு வரும் ஒவ்வொரு கம்பியும் சொருகுமிடத்துக்குக் கீழே ஒரு முறை தாழ்ந்து வளைந்து பின் மேலேற வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர்க் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருப்பது, மூடி எதுவாயினும், கட்டாயம்.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் அபாயம் குளிர்நாட்டு நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. கொசுவை விரட்டச் சொருகும் திரவ மருந்துகளிலும் பல கொசுவத்திகளிலும் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு மனிதருக்குத் தீங்கு குறைந்ததாயினும் மீனுக்கு மிகக் கொடியது. வலைமூடி அதைத் தடுக்காது. கண்ணாடி மூடி ஓரளவு தடுத்தாலும், அறையின் காற்றை உறிஞ்சி நீருக்குள் செலுத்துகிற காற்றுப் பம்பு அந்தத் தடையை வீணாக்கிவிடும். இதற்கு மூடியில் பரிகாரம் தேடுவதைவிட, தொட்டியுள்ள அறையில் மருந்தை நிறுத்திக் கட்டிலுக்குக் கொசுவலை கட்டிக்கொள்வதே தீர்வு. மீனில்லாமல் வெறும் நீர் நிற்கும் உதிரித் தொட்டிகளுக்கும் டிரம்களுக்கும் மட்டும், கால் அங்குல வலையை விட்டு, நெருக்கமான கொசுவலையே போட வேண்டும். இல்லையேல் நகரத்து மலேரியாக் கொசுவுக்கும் டெங்குக் கொசுவுக்கும் நாமே தொட்டில் கட்டியவர்களாவோம்.

எந்த மூடியானாலும் அது நிற்பதற்கு ஒரு படி வேண்டும். தொட்டியின் மேல்விளிம்பின்மீது நேரே வைத்த மூடியிலிருந்து நீர் வெளிச்சுவர் வழியாக வழிந்து தாங்கியையும் தரையையும் நனைக்கும். விளிம்புக்கு அரையங்குலம் கீழே உட்புறமாக ஒட்டிய கண்ணாடிப் பட்டைகளின்மீது வைத்தால் துளிகள் தொட்டிக்குள்ளேயே திரும்பும். ஒட்டுபவருக்கு அது சில நிமிஷ வேலை. வெட்டி மிஞ்சிய துண்டுகளே போதுமாகையால் செலவும் சொற்பம். ஆகவே புதிதாகத் தொட்டி செய்யச் சொல்லும் அன்பர்கள் அந்தப் பட்டைகளையும் சேர்த்து ஒட்டித் தரும்படி முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஈரம் கண்ட கண்ணாடியில் சிலிக்கான் பிடிக்காது.